குறைந்து வந்த பரிசுப் பொதியும் கொடுத்த காசின் கணக்கும்

தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் என்று நாட்காட்டி புரளும்போதெல்லாம், புலம்பெயர்ந்த எம்மவரின் கைகளில் ஒரு புதிய வழக்கம் ஓசையின்றி வேரூன்றி வருகின்றது. முன்னர் உண்டியல்காரரிடம் காசைக் கொடுத்து, ஊரிலுள்ளோர் விரும்பியதை வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டோம். இன்று ஒஸ்லோவில் நிலக்கீழ்த் தொடருந்தில் இருந்தபடியே கைத்தொலைபேசித் திரையில் கேக்கின் நிறத்தைத் தெரிவு செய்கின்றோம். சேலையின் கரையைப் பெரிதாக்கிப் பார்க்கின்றோம். அட்டை இலக்கத்தை இட்டு ஒரு பொத்தானை அழுத்துகின்றோம். மறுநாள் மாலை சாவகச்சேரியிலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ ஒரு வீட்டுப் படலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கின்றது.

இவ்வணிகம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பரிசுப் பொருட்களை விற்கும் இணையத்தளங்களிற் பல, தாம் காட்டும் பொருட்களைத் தம்மிடம் வைத்திருப்பதில்லை. கேக் ஒரு வெதுப்பகத்திலிருந்து வரும்; சேலை ஒரு புடவைக் கடையிலிருந்து வரும்; பழக்கூடையைச் சந்தைக்கருகில் இன்னொருவர் கட்டுவார்; இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பவர் நான்காமவர். பணத்தை முழுமையாகப் பெற்றுக்கொண்டவர் ஒருவர். பொருளைப் பகுதி பகுதியாகக் கொடுப்பவர்கள் பலர். பொதி குறைந்து போவதற்குத் திருட்டோ வஞ்சகமோ காரணமாயிருக்க வேண்டியதில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி தவறினாற் போதும்.

திராமனில் வசிக்கும் எமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கு எடுத்துக்கொள்வோம். தாயாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கென்று அவர் ஒரு பரிசுப் பொதியை ஓடர் செய்தார். இரண்டு கிலோ கேக், கைத்தறிச் சேலை, பூங்கொத்து, பழக்கூடை. பொதியின் விலை 1,480 குரோனர். பிறந்தநாளன்று இரவு தொலைபேசியில் தாயார் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாம் வந்தது தம்பி. நல்ல வடிவாயிருந்தது. ஏன் ராசா உனக்கு இந்த வீண் செலவு?" பத்தொன்பது நாட்களின் பின் மருமகள் முறையான பிள்ளையொருத்தி அனுப்பிய படங்களைப் பார்த்தபோதுதான் சேலையும் பழமும் மட்டுமே வந்திருந்தமை அவருக்குத் தெரியவந்தது. கேக்கும் இல்லை, பூவும் இல்லை. பெயர் எழுதிய கேக்கை வெட்டாமலே அந்தப் பிறந்தநாள் முடிந்திருந்தது.

அவர் நிறுவனத்துக்கு எழுதினார். பதில் வந்தது, மிகவும் மரியாதையான பதில். குறைபாட்டை 24 மணித்தியாலத்துக்குள் அறிவித்திருக்க வேண்டும் என்பது முதற் காரணம். பொதியைப் பெற்றவர் ஒப்பமிட்டு ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது இரண்டாவது. பழுதடையக்கூடிய உணவுப் பொருட்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்படமாட்டாது என்பது மூன்றாவது. ஆயினும் நல்லெண்ணத்தின் பேரில் அடுத்த ஓடருக்கு 15 வீதக் கழிவு தரப்படும் என்றிருந்தது. நிறுவனத்தின் பெயரை நாம் இங்கு குறிப்பிடவில்லை. ஒரு கடையைச் சாடுவது எமது நோக்கமன்று. இம்மூன்று காரணங்களும் வேறு பல தளங்களின் நிபந்தனைகளிலும் சிறிய எழுத்தில் காணப்படுபவையே. அவை சட்டத்தின்முன் நிற்குமா என்பதே கேள்வி.

நோர்வேயின் நுகர்வோர் கொள்வனவுச் சட்டம் 2002 ஜூன் 21ஆம் திகதி இயற்றப்பட்டது. அதன் 27ஆம் பிரிவு, குறைபாட்டை நியாயமான காலத்துக்குள் விற்பனையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று கூறுவதோடு நின்றுவிடவில்லை. அந்தக் காலம் நுகர்வோர் குறைபாட்டைக் கண்டறிந்த நாளிலிருந்து இரண்டு மாதத்திற் குறைவாக இருக்கவே முடியாது என்றும் வரையறுக்கின்றது. இரண்டு மாதம் எங்கே, 24 மணித்தியாலம் எங்கே! சட்டம் தருவதிலும் பார்க்கக் குறைந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்தால் அது செல்லாது என்பதை அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்லிவிடுகின்றது. "நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறேன்" என்ற சிறு கட்டத்தில் நீங்கள் புள்ளடி இட்டீர்களே என்று விற்பனையாளர் நினைவூட்டலாம். அந்தப் புள்ளடிக்கு இவ்விடயத்தில் வலுவில்லை.

பழுதடையக்கூடிய பொருள் என்ற காரணத்தில் ஒரு குழப்பம் இருக்கின்றது. அது சில சமயம் அறியாமையால் வருவது, சில சமயம் அறிந்தே செய்யப்படுவது. இணையத்தில் வாங்கிய பொருளை, எக்காரணமும் கூறாமல், மனம் மாறியது என்பதற்காகவே 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையொன்று நோர்வேயில் உண்டு. "அங்ஙறெறெத்" என்று எம் பிள்ளைகள் சொல்வது இதனைத்தான். 2014ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகின்றது. 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரையைத் தழுவியது அது. விரைவிற் பழுதடையும் உணவுக்கும், பெயர் பொறித்து ஒருவருக்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கும் இந்த மனமாற்ற உரிமை இல்லை. அது நியாயமானதே, வெட்டிய கேக்கைத் திருப்பி அனுப்ப எவருக்கும் உரிமை இருக்கக்கூடாது. ஆனால் எமது நண்பருக்கு மனம் மாறவில்லை. அவர் வாங்கிய கேக் வந்து சேரவேயில்லை. வராத பொருள் பழுதடைவது எப்படி? ஒப்பந்தத்தில் சொன்ன வகையிலும் அளவிலும் தரத்திலும் பொருள் இருக்க வேண்டும் என்ற கடப்பாடு உணவுக்கும் உண்டு, சேலைக்கும் உண்டு, பூவுக்கும் உண்டு. மனமாற்றத்துக்கான விதிவிலக்கை எடுத்துக் குறைபாட்டின்மேல் ஒட்டுவது, ஒரு வீட்டுத் திறப்பால் இன்னொரு வீட்டுக் கதவைத் திறக்க முனைவது போன்றது.

ஒப்பம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடிய பெட்டியைக் கையில் வாங்கியபோது இட்ட ஒப்பம், பெட்டி வந்தது என்பதற்குச் சான்று. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. வாங்குபவர் குறிப்பிட்ட மூன்றாம் ஆளின் கையிற் பொருள் சேரும்வரை, வழியில் ஏற்படும் இழப்பு விற்பனையாளருடையதே என்பது மேற்குறித்த ஐரோப்பியப் பணிப்புரையின் நிலைப்பாடு. வெதுப்பகம் தவறியதா, மோட்டார் சைக்கிளில் வந்த தம்பி தவறினாரா என்பதெல்லாம் விற்பனையாளர் தம் பங்காளிகளோடு பேசித் தீர்க்க வேண்டிய விடயம். நாட்கூலிக்கு வெயிலில் ஓடும் அந்தப் பையனைத் தொலைபேசியில் ஏசுவதால் எவருக்கும் காசு திரும்பியதில்லை.

இனி எவ்வளவு கேட்கலாம் என்பதைப் பார்ப்போம். அந்த நான்கு பொருட்களையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் கேக் 450, பூங்கொத்து 290, சேலை 660, பழக்கூடை 200 என மொத்தம் 1,600 குரோனர் ஆகியிருக்கும். பொதியாக வாங்கியதால் 1,480. வராத இரண்டின் தனிவிலை 740. அது 1,600இல் 46.25 வீதம். ஆகவே 1,480இன் 46.25 வீதம், அதாவது 684.50 குரோனர், விலைக் குறைப்பாகத் திரும்ப வேண்டும். "பொதிக்குத் தனித்தனி விலை இல்லை" என்று விற்பனையாளர் கூறுவாரானால், அதே தளத்தில் அப்பொருட்கள் தனியாக விற்கப்படும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவதே தக்க பதில்.

ஆயினும் விலைக் குறைப்போடு விடயம் முடிந்துவிட வேண்டியதில்லை என்பது எமது கருத்து. குறைபாடு அற்பமானதல்லவெனின் முழுக் கொள்வனவையும் இரத்துச் செய்யலாம் என்று சட்டம் இடங்கொடுக்கின்றது. பிறந்தநாட் பொதியிற் கேக் இல்லாமை அற்பமா? பழக்கூடையில் ஒரு தோடம்பழம் குறைந்திருந்தால் அற்பம் என்போம். குறித்த நாளிற் சேர வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று இரு தரப்பும் அறிந்திருந்தால், அந்த நாள் தவறியதும் மேலதிக அவகாசம் கொடுக்காமலே விலகிக்கொள்ளவும் நோர்வேச் சட்டம் அனுமதிக்கின்றது. "நாளைக்குக் கேக்கை அனுப்பி வைக்கின்றோம்" என்பதை ஏற்றே ஆக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. முழு இரத்தென்றால், வந்த சேலையைத் திருப்பிக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். தாய் உடுத்திவிட்ட சேலையைக் கேட்க எந்த மகனுக்கு மனம் வரும்? ஆதலால் நடைமுறையில் எம்மவர் நிற்கக்கூடிய இடம் விலைக் குறைப்பே. உறவினர் எவராவது அன்றே ஊர்க் கடையில் வேறொரு கேக் வாங்கியிருந்தால், அந்தப் பற்றுச்சீட்டை வைத்து மேலதிகச் செலவை இழப்பீடாகக் கேட்கலாம். மனவருத்தத்துக்கு இச்சட்டத்தில் விலை இல்லை. அடுத்த ஓடருக்கான கழிவுச் சீட்டோ, விரும்பினாற் பெற்றுக்கொள்ளலாம் என்ற அளவில் மட்டும் பெறுமதியுடையது. காசைக் கொடுத்தவருக்குக் காசைக் கேட்கும் உரிமை உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் நோர்வேச் சட்டம் பொருந்துமிடத்தில். விற்பவர் எங்கிருக்கின்றார் என்பதை எம்மவர் வாங்குமுன் பார்ப்பதில்லை. தளம் தமிழில் இருந்தால் அது எங்களுடையது என்று எண்ணிக்கொள்கின்றோம். தமிழில் எழுதிய தளம் ஒஸ்லோவிலும் பதிவாகியிருக்கலாம், இலண்டனிலும் றொறன்ரோவிலும் கொழும்பிலும் பதிவாகியிருக்கலாம். எங்குமே பதிவாகாமல் ஒரு கைத்தொலைபேசி இலக்கமாக மட்டும் இருப்பதும் உண்டு. நோர்வேயில் பதிவான நிறுவனத்துக்கு ஒன்பது இலக்கப் பதிவெண் இருக்கும். அதனைத் தளத்திற் காட்ட வேண்டியது கடமை. புறொன்னொய்சுண்ட் பதிவகத்தில் எவரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். இத்தகைய நிறுவனத்தோடு பிணக்கு ஏற்பட்டால் வழி நேரானது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தீராவிட்டால் நுகர்வோர் மேற்பார்வை அமையமான ஃபோர்புறூக்கர்தில்சீனேயிடம் செல்லலாம். முன்னர் நுகர்வோர் மன்றமான ஃபோர்புறூக்கர்றோடெ செய்துவந்த இணக்கப்பணி 2021 ஜனவரி முதல் இவ்வமையத்தின் கைக்கு மாறியிருக்கின்றது. பழைய நினைவில் பழைய கதவைத் தட்டுவோர் இதனைக் கவனிக்க. அங்கும் இணக்கம் ஏற்படாவிடின் நுகர்வோர் முறைப்பாட்டுக் குழு தீர்மானிக்கும். அத்தீர்மானத்தை எவரும் நீதிமன்றுக்கு எடுத்துச் செல்லாவிட்டால் அதற்குத் தீர்ப்பின் வலு உண்டு.

விற்பவர் ஜேர்மனியிலோ பிரான்சிலோ இருந்தால் நிலைமை சற்றுச் சிக்கலானது, எனினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஒரு தளம் வேறொரு நாட்டு நுகர்வோரை நோக்கி இயங்குகின்றதா என்பதை எவ்வாறு அறிவது என்ற கேள்விக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010 டிசம்பர் 7ஆம் திகதி வழங்கிய பம்மர், அல்பென்ஹோப் வழக்குகளின் தீர்ப்பிற் சில அடையாளங்களைக் காட்டியது. அந்நாட்டு நாணயத்தில் விலை, அந்நாட்டு மொழி, வெளிநாட்டு அழைப்புக் குறியீட்டோடு தொலைபேசி இலக்கம் போன்றவை அவை. தளத்தைத் திறந்து பார்க்க முடிகின்றது என்பது மட்டும் போதாது என்றும் அது கூறியது. குரோனரில் விலை காட்டி நோர்வேயை நோக்கி விற்கும் ஐரோப்பிய நிறுவனத்தை நோர்வே நீதிமன்றுக்கே அழைக்க 2007ஆம் ஆண்டின் லுகானோ உடன்படிக்கை வழி செய்கின்றது. 700 குரோனருக்காக எவரும் நீதிமன்றம் ஏறமாட்டார் என்பது உண்மைதான். அதற்காகவே ஐரோப்பிய நுகர்வோர் நிலையங்களின் வலையமைப்பு இருக்கின்றது. நோர்வேயும் அதில் அங்கம். பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியபின் அந்த வலையமைப்பில் இல்லை. இன்னொன்று: பல தளங்களின் அடிக்குறிப்பில் இன்னும் காணப்படும் ஐரோப்பிய இணையவழிப் பிணக்குத் தீர்வுத் தளம் 2025 ஜூலை 20ஆம் திகதியோடு மூடப்பட்டுவிட்டது. அங்கு முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு எவரும் காத்திருக்க வேண்டாம்.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பதிவான நிறுவனத்திடம் நேரே வாங்கினால்? அங்கே சட்டம் இல்லை என்று எண்ணுவோர் தவறாக எண்ணுகின்றனர். 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பொருள் விற்பனைச் சட்டம் இயற்றப்பட்டது; மூன்றாண்டுகளின் பின், 1896இன் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக அது இலங்கைக்கு வந்தது; இந்தியாவுக்கு 1930இல் வந்தது. ஒப்புக்கொண்டதிலும் குறைவாகப் பொருள் கொடுக்கப்பட்டால் வாங்குபவர் முழுவதையும் மறுக்கலாம், அல்லது வந்ததை ஏற்று வந்ததற்கு மட்டும் ஒப்பந்த விலையைக் கொடுக்கலாம் என்ற விதி இந்தக் குடும்பத்துச் சட்டங்களின் பழைய சொத்து. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் அதையே நுகர்வோருக்குச் சொல்கின்றது.

அந்த விதியை ஒருமுறை மீண்டும் வாசித்துப் பாருங்கள். "வந்ததற்கு மட்டும் விலையைக் கொடுக்கலாம்." பொருள் வந்து சேரும்போது காசு இன்னும் வாங்குபவரின் மடியில் இருக்கின்றது என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட வாசகம் அது. மூட்டை குறைந்தால் வணிகர் காசைக் குறைத்துக் கொடுத்தார். விடயம் அத்தோடு முடிந்தது. வழக்குப் போட வேண்டியிருந்தால் அது விற்றவரின் தலைவலி. இணையத்தில் நிலைமை தலைகீழ். முழுக் காசும் முதலிலேயே கைமாறிவிடுகின்றது. பொருள் பின்னர் வருகின்றது, அதுவும் எமது கைக்கு அல்ல, 8,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள இன்னொருவரின் கைக்கு. உரிமை அதே உரிமைதான். ஆனால் காசைப் பிடித்து வைத்திருந்தவர் இப்போது காசைத் திருப்பித் தரும்படி கேட்டு நிற்பவராகிவிட்டார். பரிசுப் பொதிப் பிணக்குகளின் முழுச் சூட்சுமமும் இந்த இடமாற்றத்திலேயே இருக்கின்றது என்பது எமது துணிபு.

இழந்த அந்த இடத்தை ஓரளவு மீட்டுத் தருவது கடனட்டை. நோர்வேயின் புதிய நிதி ஒப்பந்தச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விற்பனையாளருக்கு எதிராக நுகர்வோருக்கு என்ன கோரிக்கை உண்டோ, அதனைக் கடன் கொடுத்த வங்கியிடமும் முன்வைக்கலாம் என்பது அதன் 2ஆம் அத்தியாயத்தின் 7ஆம் பிரிவு. முன்னைய 1999ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தகைய பாதுகாப்பு இருந்தது. அந்தக் கொள்வனவுக்காகச் செலுத்திய தொகையே பணக் கோரிக்கையின் மேலெல்லை. விற்பவர் பதிலளிக்காமல் மறைந்தாலும், தூரத்தில் இருந்தாலும், வங்கி இங்கே இருக்கின்றது. அதற்கு முகவரி இருக்கின்றது. அது மறுத்தால் நிதி முறைப்பாட்டுச் சபையான ஃபினான்ஸ்க்லாகெநெம்ண்டாவிடம் செல்லலாம்.

பிரித்தானியாவிலுள்ள வாசகர்களுக்கு இதன் உடன்பிறப்பு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. வெளிநாட்டுக் கடைகளில் வாங்கியவற்றுக்கு இது பொருந்தாது என்று வங்கிகள் நெடுங்காலம் வாதாடின. லொயிட்ஸ் ரீ.எஸ்.பி. வங்கிக்கும் நியாய வணிக அலுவலகத்துக்கும் இடையிலான வழக்கில், 2007 அக்டோபர் 31ஆம் திகதி பிரபுக்கள் சபை அந்த வாதத்தை நிராகரித்தது. கடன் இங்கிலாந்திற் கொடுக்கப்பட்டதாயின் கடை எந்த நாட்டிலிருந்தாலும் வங்கி பொறுப்பு. கொழும்பிலுள்ள கடைக்கும் இது பொருந்தும். ஒரேயொரு முள்: பொருளின் விலை 100 பவுணுக்கு மேற்பட்டும் 30,000 பவுணுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். 110 பவுணுக்கு ஒரே பொதியாக வாங்கியவருக்கு இப்பாதுகாப்பு உண்டு. நான்கு பொருட்களைத் தலா 27 பவுண் வீதம் தனித்தனியாகக் கூடையில் இட்டவருக்கு இல்லை.

சாதாரண வங்கி அட்டையிற் செலுத்தியோருக்கு இச்சட்டப் பாதுகாப்பு இல்லை. எனினும் விசா, மாஸ்ரர்காட் நிறுவனங்களின் உள்விதிகளின்படி, பொருள் வராதவிடத்துப் பணத்தைத் திரும்ப இழுக்கும்படி வங்கியைக் கேட்கலாம். அதற்கான காலம் பொதுவாக 120 நாட்கள். எதிலுமே பாதுகாப்பற்றது, எம்மவர் மிக விரும்பும் முறைதான்: விப்ஸ் வழியாக ஒரு தனிநபரின் தொலைபேசி இலக்கத்துக்குக் காசைத் தள்ளிவிடுவது, அல்லது ஊரிலுள்ள ஒருவரின் சொந்தக் கணக்கில் இடுவது. "தெரிந்த பெடியன்தான்" என்கின்றோம். அது சரி. தெரிந்த பெடியனிடம் பற்றுச்சீட்டுக் கேட்பது எப்போது குற்றமாயிற்று?

சட்டத்தின் ஒரு முனையை இதுவரை பேசாமல் விட்டோம். பொதியைப் பெற்றவரின் நிலை என்ன? நோர்வேயில் ஒப்பந்தக்காரர் வாங்கியவரே. முறையிட வேண்டியவரும் அவரே. ஆனால் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளைப் பயன்படுத்துபவரை நுகர்வோர் என்கின்றது. காசைக் கொடுத்தவராக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரை நுகர்வோராகவே கொள்கின்றது. தமிழ்நாட்டின் முகாம்களில் உள்ள உறவுகளுக்கு இந்தியத் தளங்களின் வழியே பொருள் அனுப்புவோர் இதையும் அறிந்திருத்தல் நன்று: 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணித்தியாலத்துக்குள் முறைப்பாடு கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அங்கு பெற்றவரும் பேசலாம்.

அந்தத் தாய் பேசுவாரா என்பது வேறு விடயம். எமது நண்பரின் தாயார் பொய் சொன்னார் என்று எவரும் சொல்லத் துணியமாட்டோம். பிள்ளை பனியிலும் குளிரிலும் உழைத்த காசு, குறை சொன்னால் அவன் மனம் நோகும், அவ்வளவுதான். இதற்குப் பின்னால் ஒரு நீண்ட பழக்கமும் இருக்கின்றது. 1990களில் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பற்றறியும் எரிபொருளும் தடைப் பட்டியலில் இருந்தன. பொதிகள் சோதனைச் சாவடிகளிற் பிரிக்கப்பட்டன. அனுப்பியதில் எது வந்து சேரும் என்பதை எவரும் அறியார். வந்தது வரவு என்று ஒரு தலைமுறை வாழப் பழகியது. அந்த நாட்களில் முறையிட எவருமில்லை. முறையிடுவது ஆபத்தாகவும் இருந்தது. இன்று காசைப் பெற்றுக்கொண்ட ஒரு வணிக நிறுவனம் கேக்கை மறந்துபோனால், அதையும் அதே பொறுமையோடு ஏற்றுக்கொள்கின்றோம். இராணுவத் தடையையும் வணிகரின் கவனக்குறைவையும் ஒரே தட்டில் வைப்பது அந்தப் பொறுமைக்கே செய்யும் அநீதி.

"எங்கட ஆக்கள் செய்யிற வியாபாரம், இதைப் போய் முறையிடுவதா?" என்று கேட்போரையும் நாம் அறிவோம். ஊரில் சில இளைஞருக்கு வேலை கொடுக்கும் தொழில் இது என்பதில் ஐயமில்லை. அது வளர வேண்டும் என்றே விரும்புகின்றோம். ஆனால் பொதியை மூடுமுன் ஒரு படம், வீட்டிற் கொடுத்தபின் ஒரு படம் என்று ஒழுங்காக அனுப்பிவைக்கும் கடைக்காரர், அச்சிரமம் எதுவுமின்றி 24 மணித்தியால நிபந்தனைக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவரோடு அதே விலையிற் போட்டியிட வேண்டியிருக்கின்றது. முறையிடாத எம் பெருந்தன்மை அவர்களுள் எவருக்கு உதவுகின்றது?

ஆகவே பொதி சேரும் நாளில் தாயிடம் "எல்லாம் வந்ததா அம்மா?" என்று கேட்பதிற் பயனில்லை. வந்ததென்றுதான் பதில் வரும். வீட்டிலுள்ள இளையவரிடம் பெட்டியைத் திறக்கும்போதே ஒரு படம் எடுத்து அனுப்பும்படி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பெட்டியின்மேல் நிறை குறிக்கப்பட்டிருந்தால் அதையும் சேர்த்து. ஓடரை உறுதிப்படுத்தி வந்த மின்னஞ்சலையும் தளத்தில் அப்பொருள் விவரிக்கப்பட்ட பக்கத்தையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். முறைப்பாட்டைத் தொலைபேசியிற் சொல்லாமல் எழுத்தில் அனுப்ப வேண்டும்: எந்த நாளில் என்ன வாங்கினோம், எது வரவில்லை, எப்போது அறிந்தோம், எவ்வளவு கேட்கின்றோம், எத்தனை நாளுக்குள் கேட்கின்றோம். நான்கு வரி போதும். அழகான நோர்வேஜிய மொழி தேவையில்லை. வங்கிக்கும் அதன் பிரதியைத் தாமதியாமல் அனுப்பலாம்.

கொழும்பிலுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிட விரும்புவோர் மட்டும் நாட்காட்டியிற் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கின்றது அந்நாட்டுச் சட்டம். தைப்பொங்கலுக்கு வாங்கி அனுப்பிய பொதிக்கு, சித்திரை பிறப்பதற்குள் எழுதியாக வேண்டும்.